நிக்கானோர் சுரண்டிய பெயர்கள்

நிக்கானோர் பெர்த்துஸ் கையில் பீர் பாட்டிலைக் கொடுத்தால், முதல் வாய் குடிப்பதற்கு முன்பே அவருடைய வலது கட்டைவிரல் வேலையைத் தொடங்கிவிடும். ஈரத்தில் ஊறிய காகிதத்தின் ஓரத்தை நகம் தேடும். கிடைத்ததும் மெல்ல நெம்பும். பேச்சு ஒருபக்கம் போய்க்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்கும். பாட்டில் காலியாவதற்குள் அது எந்தக் கம்பெனி பீர் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்த பழக்கம் இது. அவர் வீட்டு அடுக்களையில் வினிகர், மண்ணெண்ணெய், இருமல் மருந்து எல்லாமே மொட்டைப் பாட்டில்களில்தான் நின்றன. "நிக்கானோர் வீட்ல தாகம் எடுத்தா மோந்து பாத்துட்டுக் குடி" என்பது லாஸ் நியெவெஸ் பேட்டையில் எங்கள் தெருவின் பழைய கேலி. அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு சாந்தா மார்த்தா ஊருக்குப் போனதற்கு அந்தப் பாட்டில்கள்தான் காரணம் என்று துணி தேய்த்துக்கொண்டே அம்மா சொல்வாள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. எங்கள் தெருவில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

அந்தப் பழக்கம் தொழிலிலிருந்து கைக்கு வந்தது. அவர் 'எல் அல்கராவான்' என்ற பிக்கோவின் முதலாளி. ஆளைவிட உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகள், அவற்றின் முகத்துக்குப் பளீர் வண்ணத்தில் ஓவியம் தீட்டிய துணி, ஒரு மேசை, இரண்டு சுழல்தட்டுகள், ஒரு மைக். லாரியில் ஏற்றி வந்து தெருவை அடைத்து நிறுத்துவார்கள். எங்கள் ஊர் பர்ரான்கியாவில் ஞாயிறு மதியம் ஆட்டம் என்றால் அதுதான். அல்கராவான் என்பது நாங்கள் முற்றத்தில் நாய்க்குப் பதிலாக வளர்க்கிற ஆள்காட்டிக் குருவி. வேலிக்கு வெளியே யார் நடந்தாலும் கத்தும். துணியில் அதை ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து வரைந்திருந்தார்கள். திறந்த கண் ஆடுகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எல்லாரிடமும் இருக்கும் பாட்டு பிக்கோவுக்கு ஆகாது. தன்னிடம் மட்டும் இருக்கும் பாட்டுதான் பிக்கோவின் சொத்து. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்காரர்கள் கொண்டுவரும் இசைத்தட்டுகளை வாங்கியதும், நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாடியவர் யார், எந்த ஊர், பாட்டின் பெயர் என்ன என்று அடுத்த பேட்டைக்காரன் கண்டுபிடிக்கக் கூடாது. மற்றவர்கள் தண்ணீரில் நனைத்துக் கத்தியால் வழிப்பார்கள். நிக்கானோர் நகத்தாலேயே வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே போவார். முடிந்தபின் தட்டின் நடுப்பகுதி நத்தை ஓடு மாதிரி சுருள் சுருளாகக் கீறியிருக்கும். பிறகு தட்டை வேறொரு உறைக்குள் போடுவார். காங்கோக்காரர் பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டு உறையில் தூங்கும். பொலேரோ என்கிற மெதுவான காதல் பாட்டு ராணுவ பேண்டு உறையில் தூங்கும். எது எங்கே என்பது அவர் தலைக்குள் மட்டும்தான்.

அப்படி அவரிடம் இருந்த பாட்டுகளில் பெரியது 'நொண்டிக் கழுதை'. ஒரு கப்பல் சமையற்காரர் கொண்டுவந்தது. அதன் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. தாளம் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற மாதிரி இருந்ததால் ஆடியவர்களே அந்தப் பெயரை வைத்தார்கள். தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டு. முள் வைத்தால் கடைசிவரை நிற்காமல் ஓடும்.

நிக்கானோர் அந்த ஒரு பாட்டை வைத்து அல்கராவானை எப்படி வளர்த்தார் என்பதைப் பிற்பாடு நான் வகுப்பில் உட்கார்ந்து வேறு வார்த்தைகளில் படித்தேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் பெட்டிகளைத் தெருவில் இறக்கி, ஓவியத்துக்கு மேல் சாக்குத் துணி போட்டு மூடி வைப்பார். குழந்தைகள் சாக்கைத் தூக்கிப் பார்க்கத் துடிக்கும், அவர் விரட்டமாட்டார். காலையில் லாரி ஊரைச் சுற்றும், ஆனால் பாட்டு போடாது. பலகாரம் பொரிக்கிற நின்யா டெல்ஃபாவின், அதாவது டெல்ஃபா அக்காவின், பதிவு செய்த குரல் மட்டும் வரும்: "அல்கராவான் தூங்காது. உனக்கென்ன தூக்கம்?" ஆட்டத்தில் நொண்டிக் கழுதையை ஒரே ஒரு தடவைதான் போடுவார், அதுவும் வெயில் சாய்ந்தபின். கேட்டுக் கத்தினால் இன்னும் தள்ளிப்போடுவார். அந்த ஒரு தடவைக்காக ரெபோலோவிலிருந்தும் சோலெதாதிலிருந்தும் வந்தவர்கள் மதியம் முழுக்க நின்று பீர் குடித்தார்கள்.

அப்புறம் வாழ்த்து. இரண்டு பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்து, "மருந்துக்கடை எஃப்ரேனுக்கு அல்கராவானோட வாழ்த்து" என்பார். எஃப்ரேன் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். போலீஸ்காரர், முடிதிருத்துபவர், கடனில் மூழ்கியிருக்கும் லாட்டரிக்காரர் என்று எல்லாருக்கும் ஒருநாள் வாழ்த்து கிடைக்கும். கிடைக்காதவர்கள் அடுத்த ஞாயிறும் வருவார்கள். டெல்ஃபாவுக்கு மட்டும் அவர் வாழ்த்து சொன்னதே இல்லை. "வீட்டு ஆளுக்கு எதுக்கு?" என்பார்.

டெல்ஃபா ஒரோஸ்கோ வீட்டு ஆள் மாதிரித்தான். அவள் மகளுக்கு நிக்கானோர் ஞானத்தந்தை. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிக்கோவுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து, அரெப்பா என்கிற சோளமாவு அப்பத்தை முட்டை வைத்துப் பொரித்து விற்பாள். அவளுடைய இன்னொரு வேலை பானைக்குக் காவல். கைபேசிகள் வந்தபின் நிக்கானோர் ஒரு விதி போட்டார்: மேசைப் பக்கம் வருகிறவன் எவனானாலும் கைபேசியை டெல்ஃபாவின் அலுமினியப் பானையில் போட்டுவிட்டு வரவேண்டும். பாதிரியார்கூட ஒருநாள் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

என் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது வணிகம், அதிலும் ஒரு பெயரை எப்படி விற்பது என்பது. நேரில் கூட்டம் கூட்டி ஒரு பெயரை வளர்ப்பது பற்றி எழுதச் சொன்னார்கள். வகுப்பில் மற்றவர்கள் கார் கம்பெனிகளைப் பற்றி எழுதினார்கள். எனக்குத் தெரிந்தது நிக்கானோர்தான். அவர் காதுக்கு அது எப்படியோ போய்விட்டது.

"என்னைப் பத்தி எழுதுறியாமே."

"பாடத்துக்கு, சேன்யோர் நிக்கானோர்."

"பாடத்துக்குன்னா யாரு படிப்பா?"

"வாத்தியார்."

"அவருகிட்ட பிக்கோ இருக்கா?"

"இல்லை. அவர் பொகோத்தாக்காரர், தலைநகர் ஆள்."

"அவரு மச்சான்கிட்ட?"

சிரிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து நான் போனால் தன் கண்ணுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போடச் சொல்வார். என் பை டெல்ஃபாவின் பானைக்குப் பக்கத்தில் இருக்கும்.

வாத்தியார் என் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பாட்டைப் பாடியவர் என்ன ஆனார்? ஒரு மனிதர் பாடிய பாட்டில் எங்கள் தெருவே ஆடியது. அவர் பெயர் நிக்கானோரின் நக இடுக்கில் தூளாகப் போனது. இது காவலா, களவா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டிருந்தாலும், உன்னைக் கேட்கச் சொன்னது யார் என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி ஒரு தட்டை உடைத்த கதையைச் சொல்லவேண்டும். கப்பல் சமையற்காரர் நொண்டிக் கழுதையில் இரண்டு தட்டுகள் கொண்டுவந்திருந்தார். அதே மாதிரி இன்னொன்று வந்தால் அதை உடைத்துப்போடுவது பிக்கோக்காரர் வழக்கம். மற்றவர்கள் கொல்லைப்புறத்தில் உடைப்பார்கள். நிக்கானோர் அதையும் ஒரு நிகழ்ச்சியாக்கினார். அல்கராவானின் பிறந்தநாளன்று தெரு நிறையக் கூட்டம் சேர்த்தார். சமையற்காரரை மேசைமேல் ஏற்றி, மூன்றாவது தட்டு தன்னிடம் இல்லை என்று தாய்மேல் சத்தியம் செய்ய வைத்தார். பிறகு ஓர் உறையிலிருந்து இரண்டாவது தட்டை உருவித் தலைக்குமேல் தூக்கினார்.

"உலகத்துல ஒண்ணு என் மேசையில இருக்கு" என்றார். "இன்னொண்ணு இப்ப உங்க காலடியில கிடக்கப்போகுது."

சுத்தியலால் அடித்ததும் துண்டுகள் பறந்தன. ஆட்கள் குனிந்து பொறுக்கினார்கள். எங்கள் பேட்டையில் பாதிப்பேர் அந்தக் கறுப்புத் துண்டுகளை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். டெல்ஃபா தன் துண்டைச் சிவப்பு நூலில் கட்டி அடுப்புக்கு மேலே கம்பத்தில் தொங்கவிட்டாள். அல்கராவானின் பெயர் அந்த ஒரு நாளில் ஏறிய அளவுக்கு வேறெப்போதும் ஏறியதில்லை.

நான் பட்டம் வாங்கிய வருடம், ஒரு பீர் விநியோகக்காரருக்காக ஒரு விளம்பர நிறுவனம் கார்னிவல் ஞாயிறன்று பிக்கோ மோதல் ஏற்பாடு செய்தது. ஒருபக்கம் அல்கராவான், மறுபக்கம் ஒவிதியோ சார்மியெந்தோவின் 'எல் மார்த்தியோ', அதாவது சுத்தியல். மாறி மாறிப் பாட்டு போடவேண்டும். பொழுது சாயும்போது கூட்டம் யார் முன்னால் நிற்கிறதோ அவருக்கு அந்த வருடம் முழுக்கப் பீர்க் கம்பெனியின் மேடை. நிக்கானோரின் லாரி இருமிக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிறுகளில் இளைஞர்கள் வேறு பக்கம் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த மேடை கிடைத்தால் அல்கராவான் பிழைக்கும், இல்லாவிட்டால் பெட்டிகளைக் கறையான் தின்னும். இது அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

அந்த நிறுவனத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. தொப்பி கொடுக்கவேண்டும், காகித விசிறி கொடுக்கவேண்டும், கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நிக்கானோர் என்னைப் பார்த்து, "அப்ப இனிமே நீ அவங்க ஆளு" என்றார். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். நான் யார் ஆள் என்று எனக்கே தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

கார்னிவலுக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு ஞாயிறு மதியம், மார்த்தியோவின் தெருவில் நொண்டிக் கழுதை ஓடியது.

எங்கள் தெருவிலிருந்தே கேட்டது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. நிக்கானோர் அப்போது மேசையில் வேறொரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அவருடைய மின்வேலைக்காரர் எலியேசெர் ஒலியைக் குறைத்தார். தெருவே காதைத் தீட்டி நின்றது. தாளம் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தது, யாரோ ஒருத்தர் வாசலுக்கு வருகிற மாதிரி.

யாரோ கைபேசியில் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டினார். மேசைப் பக்கம் யார் யார் வந்தார்கள்? எலியேசெர், நான், டெல்ஃபா. எலியேசெரின் சட்டைப் பையைச் சோதித்தார். என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, என் கட்டுரையில் பாட்டைப் பற்றி என்ன எழுதினேன் என்று வரிக்கு வரி கேட்டார். அவர் போனபின் நானே உட்கார்ந்து யோசித்தேன். எப்போதாவது பானையில் போடாமல் கைபேசியோடு போனேனா? வகுப்பில் யாருக்காவது தாளத்தைத் தட்டிக் காட்டினேனா? செய்யாத ஒன்றைச் செய்தேனோ என்று தேடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது.

ஆனால் அவர் சந்தேகம் டெல்ஃபாமேல் போய் நின்றது. பானை அவள் கையில் இருந்தது. போதாததற்கு, கடைசிச் சில மாதங்களாக அவள் சனிக்கிழமைகளில் மார்த்தியோவின் தெருவில் அடுப்பு வைத்திருக்கிறாள் என்று யாரோ ஊதிவிட்டார்கள். ஊதியவர்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் அரெப்பா வாங்கப் போயிருந்தபோதுதான் அவர் வந்தார்.

"பானை உன்கிட்டதான இருந்துச்சு, கொமாத்ரே."

"பானையும் என்கிட்ட இருந்துச்சு, உன் பிக்கோவோட குரலும் என்கிட்ட இருந்துச்சு. எதைத் திருடினேன்னு சொல்லு, கொம்பாத்ரே. எண்ணெய் காயுது."

"அந்தத் தெருவுல பொரிக்கிறியாமே."

"அங்கயும் மனுசங்களுக்குப் பசிக்குது."

"ஒவிதியோ எத்தனை அரெப்பா வாங்கினான்?"

"நீ காசு கொடுக்காமச் சாப்பிட்டுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டுப் போற அளவுக்கு அவன் சாப்பிட மாட்டான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், நிக்கானோர் மைக்கைப் பிடித்தார். வாழ்த்து என்று நினைத்து எல்லாரும் திரும்பினார்கள். "அல்கராவான் வீட்டுக்குள்ள ஒரு எலி இருந்துச்சு" என்றார். "பேரு சொல்லமாட்டேன். மோந்து பாருங்க, எண்ணெய் வாசம் அடிக்கும்."

டெல்ஃபா கரண்டியைக் கீழே வைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லாரும் அவ்வளவு சிரமப்பட்டார்கள். அவள் அடுப்பை அணைத்து, சட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவிலேயே நடந்து போனாள். அன்றே நிக்கானோர் அவள் குரலை அழித்துவிட்டு, வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குரலைப் பதித்தார். நல்ல கனமான குரல். வங்கி விளம்பரம் மாதிரி இருந்தது. அடுத்த வாரங்களில் டெல்ஃபாவின் அடுப்பில் வரிசை பாதியாகக் குறைந்தது. எங்கள் பேட்டையில் மைக்கில் சொன்னது சுவரில் எழுதிய மாதிரி.

கார்னிவல் ஞாயிறு. ஆற்றுப்பக்கத்துக் காலி மைதானத்தில் இரண்டு பிக்கோக்களும் எதிரெதிரே நின்றன. கம்பெனித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் மார்த்தியோ பக்கம் விசிறி கொடுத்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில், இரண்டு பக்கத்துக்கும் சேராத இடமாகப் பார்த்து, டெல்ஃபா அடுப்பு வைத்திருந்தாள். கம்பத்தில் சிவப்பு நூலில் அந்தத் துண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவள் ஏன் கழற்றவில்லை என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஒவிதியோ முதல் பாட்டாகவே நொண்டிக் கழுதையைப் போட்டான். எங்கள் ஆட்கள் ஊளையிட்டார்கள், ஆனால் கால் ஆடியது. பாட்டு முடிந்ததும் அவன் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

"நிக்கானோர், உன் கழுதைக்கு எங்க வீட்டுப் புல்லு பிடிச்சுப்போச்சு" என்றான் மைக்கில். "யாரும் திருடலப்பா. சந்தையில பொலேரோத் தட்டு ஒரு பெட்டி வாங்கினேன், ஒரே பூச்சி உருண்டை நாத்தம். அதுக்குள்ள படுத்துத் தூங்கிக்கிட்டிருந்துச்சு."

அப்படியானால் கைபேசி இல்லை, பதிவு இல்லை. அவன் கையில் இருந்தது தட்டு. நான் அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் தட்டை இறக்கியபோது நடுப்பகுதி தெரிந்தது. ஓரத்திலிருந்து உள்ளே, சுருள் சுருளாக, நத்தை ஓடு மாதிரிக் கீறல்.

பூச்சி உருண்டை போட்ட அந்தப் பெட்டி யாருடையது என்றும் எனக்குத் தெரியும். நிக்கானோர் ஒரு மின்மாற்றிக்கு மாற்றாகப் பழைய பொலேரோத் தட்டுகளைக் கட்டிச் சந்தைக் கடைக்குக் கொடுத்ததைத் தெருவே பார்த்தது.

நான் விசிறிகளை அப்படியே வைத்துவிட்டு டெல்ஃபாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கம்பத்திலிருந்து துண்டை அவிழ்த்தாள். இரண்டு பேரும் அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். தட்டில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வழுவழுப்பான வளையம் ஒன்று வரும். அந்தத் துண்டின் இரண்டு பக்கத்திலும் வளையம் இருந்தது. பக்கத்துக்கு ஒன்றல்ல, இரண்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடுகிற நொண்டிக் கழுதைக்கு அது எப்படி வரும்? பிறந்தநாளன்று அவர் உடைத்தது ஏதோ ஒரு பொலேரோ. உண்மையான இரண்டாவது தட்டு பொலேரோப் பெட்டியோடு சந்தைக்குப் போயிருக்கிறது. பெயரைச் சுரண்டி, உறையை மாற்றி, கடைசியில் அவரே ஏமாந்துவிட்டார். இத்தனை பேர் இத்தனை நாள் கழுத்தில் போட்டுத் திரிந்தும் ஒருவரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. நான் அந்த உடைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

டெல்ஃபா துண்டோடு மைதானத்தைக் கடந்து அல்கராவான் மேசைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். துண்டை அவர் முன்னால் வைத்தாள். நிக்கானோர் அதை எடுத்தார். கட்டைவிரல் நகம் தானாக அதன்மேல் ஓடியது. முதல் வளையத்தில் ஒருமுறை வழுக்கியது. இரண்டாவதில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மைக்குல சொன்னதை மைக்குலயே எடு, கொம்பாத்ரே" என்றாள் டெல்ஃபா. "டெல்ஃபா ஒரோஸ்கோ எடுக்கலைன்னு சொல்லு. எம்பேரைச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒவிதியோகூட அடுத்த பாட்டைப் போடாமல் நின்றான். படித்த படிப்பு என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தது: இப்போது இந்த மனிதர் உண்மையைச் சொன்னால் மைதானம் முழுக்க அவர் முன்னால் வந்து நிற்கும். அவர் மைக்கைக் கையில் எடுத்தார். என் தலையைப் பார்த்தார். தலையில் கம்பெனித் தொப்பி இருந்தது.

"இதை இப்பக் கொண்டுவரச் சொன்னது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தொப்பியைக் கழற்றினேன். கழற்றியதும் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "மருந்துக்கடை எஃப்ரேனுக்கு அல்கராவானோட வாழ்த்து" என்றார். "லாட்டரிக்கார சிப்ரியானோவுக்கு வாழ்த்து. கார்னிவல் போலீஸ்காரங்களுக்கு வாழ்த்து." டெல்ஃபா கேட்டுக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் காத்திருந்தது. அப்புறம் அவர் முள்ளை வைத்தார். பாட்டுக்கு முன்னால் வங்கி விளம்பரக் குரல் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "நின்யா டெல்ஃபா எங்கய்யா?" என்று கேட்டான். சிரிப்பு பரவியது. முதலில் சிரித்தவர்கள் போனார்கள். பிறகு அவர்களோடு வந்தவர்கள் போனார்கள். பொழுது சாய்ந்தபோது கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டிய வேலை என்னுடையது. நான் சொன்னேன். மேடை மார்த்தியோவுக்குப் போனது.

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். சர்க்கரை நோயால் கால் வீங்கியிருந்தது. அம்மா பீர் கொடுத்தாள், நகம் வேலையைத் தொடங்கியது.

"அந்தப் பெட்டியை நான்தான் கட்டினேன்" என்றார்.

நான் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தேன்.

"அவளுக்கு வாழ்த்து சொல்லணும். முழுப்பேரோட சொல்லணும். எலின்னு சொன்னது பொய்யின்னு சொல்லணும். அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு சின்ன ஆட்டம், தெருமுனையில் ஒரு பிறந்தநாள். எல்லாருக்கும் வாழ்த்து சொன்னார், அவளுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எவனாவது கைபேசியில பிடிச்சு ஒவிதியோகிட்டக் கொடுப்பான்" என்றார். "நான் மன்னிப்புக் கேக்குறதை அவன் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் போடுவான். ஊரு பூரா லாரியில சுத்துவான். அல்கராவான் பேரு செத்துடும், மகளே."

அது நடக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒவிதியோ செய்யக்கூடியவன்தான். எங்கள் நிறுவனமே அதற்கு யோசனை சொல்லும். ஆனால் அது பயமா, சாக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படியே ஞாயிறு ஞாயிறாகத் தள்ளிப்போனது. ஒரு காலத்தில் நொண்டிக் கழுதையைத் தள்ளிப்போட்ட மாதிரியே தள்ளிப்போட்டார். பாட்டையாவது கடைசியில் போட்டுவிடுவார்.

அக்டோபரில் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மருந்துப் பாட்டில்களில் பெயர்க் காகிதம் இல்லை என்று செவிலி அம்மாவிடம் குறைப்பட்டாளாம்.

பிக்கோக்காரர் வழக்கப்படி சவப்பெட்டியைத் தெருவில் பிக்கோவுக்கு முன்னால் வைத்து நொண்டிக் கழுதையைப் போட்டார்கள். அதற்குள் அது கைபேசி வழியாக எல்லாரிடமும் பரவிவிட்ட பாட்டு, இருந்தும் பெண்கள் அழுதார்கள். டெல்ஃபா கறுப்பு உடையில் வந்து பின்னால் நின்றாள். எலியேசெர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லிடு. படிச்சவ. அவரு சொல்லணும்னு நெனச்சது உனக்குத்தான் தெரியும்."

மைக் கனமாக இருந்தது. நான் டெல்ஃபாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பக்கத்தில் வந்து, "நீ சொன்னா அது உன் வாழ்த்து" என்றாள். "எனக்குப் பாக்கி வச்சது அவன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று தெரியவில்லை. அன்று நான் சொல்லியிருந்தால் சிலராவது கேட்டிருப்பார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் அவளைக் கடக்கும்போது மூக்கை லேசாகச் சுருக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அல்கராவானை இப்போது எலியேசெர் நடத்துகிறார். டெல்ஃபாவை மறுபடியும் குரல் பதியக் கூப்பிட்டார், அவள் போகவில்லை. அடுப்பை மட்டும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறாள். ஞாயிறு மதியம் பாட்டு நின்று, மைக்கில் வாழ்த்து சொல்லத் தொடங்கும்போது, அவள் குனிந்து தீயைக் குறைக்கிறாள். எண்ணெய்ச் சத்தம் அடங்கும். கரண்டியைக் கையில் பிடித்தபடி கடைசிப் பெயர்வரை கேட்கிறாள். பாட்டு தொடங்கியதும் தீயைக் கூட்டுகிறாள்.